ஒரு கப் சாக்லேட் கேக்குக்கு 20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ் போதுமா?

தாராளமாகப் போதும். கடைகளில் ஆறேழாயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிற 20 லிட்டர், 700 வாட் சோலோ மாடல், அதாவது கிரில், கன்வெக்ஷன் எதுவும் இல்லாத வெறும் மைக்ரோவேவ், ஒரு ஆளுக்குக் காபி மக்கிலேயே செய்யும் சாக்லேட் கேக்கை ஒன்றரை நிமிடத்தில் நன்றாகவே செய்து கொடுத்துவிடும். ஆனால் இந்த ஓவன்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் நேரம் வைக்கத் திருகும் குமிழ், மற்றதில் பட்டன். கேக் செய்யும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் பட்டன் மாடலையே எடுங்கள். சற்று விலை கூடினாலும் பரவாயில்லை. ஏன் என்று கீழே விவரமாக வருகிறது.

கேக் என்றாலே கன்வெக்ஷன் ஓவன்தான் வேண்டும் என்று பல கடைகளில் சொல்வார்கள். அரை கிலோ கேக், குக்கீஸ், பன் எல்லாம் செய்யப் போகிறவர்களுக்கு அது உண்மை. காபி மக்கில் செய்யும் கேக்குக்கு அது பொருந்தாது. கன்வெக்ஷன் மாடலிலும் இந்தக் கேக்கை வெறும் மைக்ரோவேவ் மோடில்தான் செய்கிறோம். உள்ளே இருக்கும் ஹீட்டருக்கும் ஃபேனுக்கும் இதில் வேலையே இல்லை.

மைக்ரோவேவ் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குவதில்லை. மாவில் இருக்கிற ஈரத்தைத்தான் சூடாக்குகிறது. அந்த ஈரம் ஆவியாகும்வரை கேக்கின் வெப்பம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். பொன்னிறமும் மொறுமொறுப்பான மேல்தோலும் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அது இங்கே வராது. எனவே இது சுட்ட கேக் அல்ல, தன் ஈரத்தின் ஆவியிலேயே வெந்த கேக். பேக்கரி கேக்கைவிட இட்லிக்குத்தான் நெருங்கிய சொந்தம். வெனிலா கேக்கை இப்படிச் செய்தால் வெளிறிப்போய், வேகாதது மாதிரியே தெரியும். கோகோவின் கருப்பு நிறம் அந்தக் குறையை மறைத்துவிடுகிறது. மைக்ரோவேவ் கேக்கில் சாக்லேட் மட்டும் இத்தனை பேருக்குப் பிடித்துப்போனதற்கு ருசி ஒரு காரணம், இந்த நிறம் இன்னொரு காரணம்.

இப்போது குமிழ் விஷயம். குமிழ் மாடலில் டைமர் 30 அல்லது 35 நிமிடம்வரை போகும். அந்த முழுச் சுற்றில் ஒன்றரை நிமிடம் என்பது கொஞ்சூண்டு இடம்தான். கை சிறிது நகர்ந்தாலே 20 விநாடி முன்னே பின்னே போய்விடும். இரண்டு நிமிடத்துக்குக் குறைவாக வைப்பதென்றால், முதலில் குமிழைத் தாண்டித் திருப்பிவிட்டுப் பிறகு பின்னால் கொண்டுவரச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். பால் சுட வைக்க அந்த 20 விநாடி பெரிய விஷயமில்லை. இந்தக் கேக்கில் 10 விநாடி கூடினாலே பஞ்சு ரப்பராகிவிடும்.

வீட்டில் ஏற்கெனவே குமிழ் மாடல்தான் இருக்கிறது என்றால் வழி இருக்கிறது. குமிழை 3 நிமிடத்தில் வையுங்கள். நேரத்தைப் போனின் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 80 விநாடி ஆனதும் கதவைத் திறந்துவிடுங்கள். உடனே குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பவும் மறக்கக் கூடாது. இந்த மாடல்களில் தனி ஸ்டார்ட் பட்டன் கிடையாது. குமிழில் நேரம் மிச்சமிருந்தால், மக்கை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்திய நொடியே காலி ஓவன் ஓட ஆரம்பித்துவிடும். உள்ளே உறிஞ்ச எதுவும் இல்லாவிட்டால் அலைகள் திரும்பி, அவற்றை உண்டாக்கும் மேக்னெட்ரான் என்ற பாகத்தையே தாக்கும். சோலோ ஓவனில் மாற்றுவதற்குச் செலவு பிடிக்கிற பாகங்களில் முதலிடம் அதற்குத்தான்.

பட்டன் மாடல்களில் ஒருமுறை அழுத்தினால் 30 விநாடி கூட்டுகிற ஸ்டார்ட் பட்டன் பெரும்பாலும் இருக்கும். மூன்று அழுத்து, 90 விநாடி, முடிந்தது. இட்லி, டோக்ளா என்று வரிசையாக இருக்கும் ஆட்டோ மெனுக்களை எண்ணி மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்த ஒரு பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாட் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பின்பக்க லேபிளில் 1100, 1200 என்று எழுதியிருப்பது ஓவன் இழுக்கும் மின்சாரம். உணவுக்குப் போய்ச் சேருவது 700 வாட். அந்த 700ம் எப்படி அளந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐஇசி 60705 என்ற சர்வதேச சோதனை முறையில் 1 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கித்தான் இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நம் மக்கில் இருக்கும் மாவு மொத்தமே 150 கிராம். இவ்வளவு சின்ன அளவு, ஓவன் தரும் சக்தி முழுவதையும் வாங்கிக்கொள்ளாது. எனவே வாட் எண்ணை வைத்துப் பென்சில் கணக்குப் போட்டு நேரம் வைத்தால் சரியாக வராது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 1 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை அளந்துகொண்டு, ஹையில் சரியாக 60 விநாடி வைத்து, கலக்கிவிட்டு மறுபடி அளங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 70ஆல் பெருக்கினால் உங்கள் ஓவனின் உண்மையான வாட் கிடைக்கும். 10 டிகிரி ஏறினால் 700. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் 250 மில்லி சாதாரணத் தண்ணீரை வைத்துப் பாருங்கள். இரண்டு, இரண்டேகால் நிமிடத்துக்குள் கொதி வந்தால் ஓவன் நல்ல நிலையில் இருக்கிறது. மூன்று நிமிடம் தாண்டினால், பழைய ஓவனாக இருந்தால் மேக்னெட்ரான் தளர்ந்திருக்கலாம், அல்லது வீட்டில் வோல்டேஜ் குறைவாக இருக்கலாம்.

வோல்டேஜ் பற்றி கோடையில் தனியாகக் கவனம் வேண்டும். தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஓடும் இரவு நேரத்தில் 230க்குப் பதில் 200க்குக் கீழே போகிற இடங்கள் உண்டு. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஓவனில் வோல்டேஜ் குறைந்தால் சூடும் குறையும். மதியம் 85 விநாடியில் வெந்த கேக்குக்கு இரவில் 100 விநாடி தேவைப்படலாம். செய்முறையில் தவறு என்று நினைத்து மாவை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஓவனை 16 ஆம்ப் பவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம்.

மக் தேர்வுக்கு வருவோம். 300 முதல் 350 மில்லி கொள்ளும், பக்கங்கள் நேராக இருக்கும் பீங்கான் மக் வேண்டும். மாவு பாதிக்கு மேல் போகக் கூடாது. நம் வீடுகளில் டீ குடிக்கும் கப் 120, 150 மில்லிதான் பிடிக்கும். அதில் செய்தால் ஒரு நிமிடத்தில் மாவு பொங்கிக் கண்ணாடித் தட்டில் வழிந்துவிடும். விளிம்பில் தங்கக்கோடு போட்ட மக் வேண்டாம், பொறி பறக்கும். சில்வர் டம்ளரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெலமைன் மக் பார்க்கப் பீங்கான் மாதிரியே இருக்கும். அது அலையை உறிஞ்சித் தானே சூடாகும், அதையும் தவிர்க்கவும். பிளாஸ்டிக்கில் 'மைக்ரோவேவ் சேஃப்' என்று எழுதியிருந்தாலும் இந்தக் கேக்குக்கு வேண்டாம். எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த கலவை தண்ணீரைவிடக் கூடுதலாகச் சூடேறக்கூடியது.

மக் சந்தேகமாக இருந்தால் அதைக் காலியாக, பக்கத்தில் ஒரு கப் தண்ணீரோடு, ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீர் சூடாகி மக் குளிர்ச்சியாக இருந்தால் நல்ல மக். மக்கே சுட்டால் அது கேக்குக்குப் போக வேண்டிய சூட்டைத் தின்கிறது என்று பொருள். முதல்முறை செய்கிறவர்களுக்கு போரோசிலிக்கேட் கண்ணாடி மக் மிக வசதி. அடியில் மாவு ஈரமாக நிற்கிறதா, வெந்து துளை துளையாகிவிட்டதா என்று பக்கவாட்டில் அப்படியே தெரியும்.

அளவுகள் இவை. மேஜைக்கரண்டி என்பது 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி, எல்லாமே தலைதட்டிய அளவு. சாப்பிடும் ஸ்பூனில் குவித்து அளந்தால் மைதா ஒன்றரை மடங்காகிவிடும்.

மைதா 4 மேஜைக்கரண்டி, அதாவது 32 கிராம். பொடித்த சர்க்கரை 3 மேஜைக்கரண்டி, 30 கிராம். இனிப்பில்லாத கோகோ பவுடர் ஒன்றரை மேஜைக்கரண்டி, 8 கிராம். பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன். உப்பு ஒரு சிட்டிகை. பால் 4 மேஜைக்கரண்டி, 60 மில்லி. வாசனையில்லாத ரிஃபைண்ட் எண்ணெய் ஒன்றரை மேஜைக்கரண்டி. வெனிலா எசன்ஸ் இரண்டு மூன்று சொட்டு. இன்ஸ்டன்ட் காபித் தூள் ஒரு சிட்டிகை சேர்த்தால் கோகோவின் மணம் தூக்கலாக வரும். காபி ருசி தனியாகத் தெரியாது.

பூஸ்ட், போர்ன்விட்டா போன்றவற்றைக் கோகோவுக்குப் பதிலாகப் போட வேண்டாம். அவற்றில் பெரும்பங்கு மால்ட்டும் சர்க்கரையும்தான். கேக் பிசுபிசுவென்று இறுகும், சாக்லேட் ருசியும் வராது. கோகோ பவுடரில் சாதாரணம், டச்சு ப்ராசஸ்டு என இரண்டு வகை உண்டு. பேக்கிங் பவுடர் போடும்போது இரண்டுமே சரிவரும். பேக்கிங் பவுடர் தீர்ந்துபோய் சமையல் சோடா போடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். டச்சு வகையில் புளிப்பை நீக்கிவிட்டிருப்பார்கள், சோடா வேலை செய்ய வேறு புளிப்பு வேண்டும். அப்போது பாலில் ஒரு கரண்டியைக் குறைத்து ஒரு கரண்டி தயிர் சேர்க்கலாம். சோடா கால் டீஸ்பூன் போட்டால் சோப்பு மாதிரி வாய் வழவழக்கும். ஒரு பெரிய சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

வெண்ணெய் போட்டால் ருசி கூடாதா என்று கேட்பார்கள். சூடாக இருக்கும்வரை கூடும். ஆறினால் வெண்ணெய் உறைந்து கேக்கை இறுக்கிவிடும். எண்ணெய் உறையாது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டுமே வாசனையில் கோகோவை மீறிவிடும்.

உலர் பொருட்களை மக்கிலேயே போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கோகோ எளிதில் கட்டி பிடிக்கும், எனவே டீ வடிகட்டியில் சலித்துப் போடுவது நல்லது. பிறகு பாலும் எண்ணெயும் ஊற்றி ஃபோர்க்கால் இருபது முப்பது சுற்றுக் கலக்கினால் போதும். அதிகம் அடித்தால் மைதாவின் பசைத்தன்மை ஏறி கேக் சவ்வு போல இழுக்கும். ஸ்பூனைவிட ஃபோர்க் நல்லது. மக்கின் அடி மூலையில் ஒட்டிக்கிடக்கும் மாவை அதன் பற்கள் எடுத்துவிடும். மாவு தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, தூக்கி ஊற்றினால் பட்டையாக விழ வேண்டும்.

மக்கைத் தட்டின் நட்டநடுவில் வைக்காதீர்கள். ஓவனுக்குள் அலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. இந்த ஓவன்கள் வேலை செய்வது 2450 மெகாஹெர்ட்ஸில். அதன் அலைநீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், எனவே சூடான இடமும் சூடில்லாத இடமும் மாறி மாறி அமையும். நடுவில் வைத்த மக் நின்ற இடத்திலேயே சுழலும். ஓரத்தை ஒட்டி வைத்தால் தட்டோடு சேர்ந்து எல்லா இடத்தையும் கடந்து வரும். மக்குக்கு அடியில் ஒரு சின்னப் பீங்கான் தட்டு வைத்துவிட்டால், வழிந்தாலும் துடைப்பது சுலபம்.

பவர் முழு ஹையில் இருக்கட்டும். மீடியத்தில் மெதுவாக வேகவைத்தால் மெத்தென்று வரும் என்ற யோசனை, சக்தியையே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை ஓவனுக்குப் பொருந்தும். சாதாரண சோலோவில் மீடியம் என்பது குறைந்த சூடு அல்ல. முழுச் சக்தியில் சில விநாடி ஓடும், சில விநாடி நிற்கும், மறுபடி ஓடும். 'ம்ம்ம்' என்ற சத்தம் மாறுவதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒன்றரை நிமிடக் கேக்கில் அப்படி நின்று நின்று ஓடினால், எழும்பிய மாவு இடையில் அமுங்கி அடியில் களி மாதிரி தங்கிவிடும்.

நேரம் 700 வாட்டில் 80 முதல் 90 விநாடி, 800இல் 70 முதல் 80, 900இல் 60 முதல் 70. முதல்முறை குறைந்த எண்ணையே வையுங்கள். அதற்குமேல் கண்தான் வழிகாட்டி. முதல் அரை நிமிடம் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். பிறகு ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரும், மாவு மெல்ல ஏறும். ஒரு நிமிடம் நெருங்கும்போது மக்கின் விளிம்புவரை வந்து கூம்பி நிற்கும், சில சமயம் விளிம்புக்கு மேலும் ஒரு விரல் எட்டிப்பார்க்கும். அது வழிந்துவிடுமோ என்று பயந்து அடிக்கடி கதவைத் திறக்க வேண்டாம். பாதி மக் அளவுக்குத்தான் மாவு ஊற்றியிருந்தால் வழியாது. நிறுத்தியதும் தானாகவே ஒரு விரல் அளவு இறங்கிவிடும்.

எப்போது நிறுத்துவது? மேலே முழுவதும் பளபளப்புப் போய், நடுவில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் மினுங்கும்போது. விரலால் தொட்டால் ஓரம் திரும்பி எழும்பும், நடு கொஞ்சம் ஒட்டும். வெளியே எடுத்து இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள், அந்த ஈரம் உள்சூட்டிலேயே வெந்துவிடும். மேல்பாகம் முழுக்கக் காய்ந்ததைப் பார்த்து நிறுத்தினால் ஓரமும் அடியும் அதற்குள் தாண்டிப் போயிருக்கும். இந்தக் கேக் கெட்டுப்போவதில் பெரும்பாலானவை இந்தக் கடைசிப் பத்து விநாடியில்தான் கெடுகின்றன. இரண்டு நிமிடம் கழித்தும் நடு மாவாகவே இருந்தால் 10 விநாடி கூட வையுங்கள். ஒரேயடியாக 30 விநாடிப் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

லாவா கேக் வேண்டுமென்றால் மாவு ஊற்றியபின் 10 கிராம் டார்க் சாக்லேட்டை நடுவில் பாதி ஆழத்துக்கு அழுத்திவிட்டு, நேரத்தில் 10 விநாடி குறையுங்கள். அடிவரை தள்ளினால் அங்கேயே ஒட்டிக் கருகும். உருகிய சாக்லேட் கேக்கைவிட அதிகம் சுடும். குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் உடைத்து ஆறவிடுங்கள்.

முட்டை சேர்ப்பது பற்றி. இந்த அளவு மாவுக்கு முழு முட்டை மிக அதிகம். வெள்ளைக்கரு இறுகி, கடித்தால் ஸ்பாஞ்ச் மாதிரி எதிர்க்கும், ஆம்லெட் வாடையும் வரும். போட்டே ஆக வேண்டுமென்றால் மஞ்சள்கரு மட்டும் சேர்த்து, பாலை 3 கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முட்டையில்லாமலே இந்தக் கேக் நன்றாக வருகிறது என்பதால் அதற்கு அவசியமும் இல்லை. மைதா வேண்டாம் என்பவர்கள் கோதுமை மாவு போடலாம். ஒரு கரண்டி பால் கூட்டி, கலக்கிய மாவை ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். கேழ்வரகு மட்டும் போட்டால் உதிர்ந்துவிடும், பாதிக்குப் பாதி கோதுமை சேர்த்தால் நிற்கும்.

தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் போதும் என்று விற்கும் ஒற்றைப் பாக்கெட் மிக்ஸ்கள் பயணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் வசதி, அவ்வளவுதான். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எந்த வாட்டுக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தயாரிப்புகள் பலவும் நம் 700 வாட்டைவிடக் கூடிய ஓவனுக்கு எழுதியவை. வீட்டிலேயே மிக்ஸ் செய்து வைப்பது எளிது. மைதா 190 கிராம், பொடித்த சர்க்கரை 180, கோகோ 50, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டு முறை சேர்த்துச் சலித்துக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிட்டால் ஆறு கேக்குக்கு வரும். ஒவ்வொரு முறையும் 70 கிராம் எடுத்துப் பாலும் எண்ணெயும் சேர்த்தால் போதும். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரம் பட்டால் பேக்கிங் பவுடர் சக்தியிழக்கும். வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டால் சர்ரென்று நுரைக்க வேண்டும், நுரைக்காவிட்டால் புது டப்பா வாங்குங்கள்.

இந்தக் கேக்கைச் செய்து வைத்துச் சாப்பிட முடியாது, இதுதான் இதன் பெரிய குறை. பதினைந்து இருபது நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆற ஆற மாவுச்சத்து இறுகிக்கொண்டே போகும், மறுபடி சூடாக்கினால் ஒரு நிமிடம் மெத்தென்றிருந்துவிட்டு இன்னும் மோசமாகும். நான்கு பேருக்கு வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகச் செய்வதே உத்தமம். இரண்டு மக்கைச் சேர்த்து வைத்தால் 700 வாட்டில் 130 முதல் 140 விநாடி பிடிக்கும், இரண்டும் ஒன்றுபோல் வேகும் என்று உறுதியும் கிடையாது. மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 1200 வாட் இழுக்கும் ஓவன் 90 விநாடியில் எடுப்பது 0.03 யூனிட்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் விடாமல் கவனியுங்கள். ஓவனின் உள்ளே வலதுபக்கச் சுவரில், உள்ளங்கை அளவில், அட்டை போல ஒரு தகடு இருக்கும். அதுதான் மைக்கா ஷீட். அலைகள் அதன் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. பொங்கித் தெறித்த கேக் மாவு அதில் பட்டு, துடைக்காமல் விட்டால், அடுத்தடுத்த முறை அந்தச் சர்க்கரை கருகிக் கரியாகும், கரி படிந்த இடத்தில் பொறி பறக்கும், கடைசியில் ஓட்டை விழும். ஓவனே போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை. மைக்கா ஷீட் தனியாகக் கிடைக்கிறது, அதே அளவுக்கு வெட்டி மாட்டினால் சரியாகிவிடும். அதை மாற்றும்வரை மட்டும் ஓவனை ஓட்டக் கூடாது. தெறித்த அன்றே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுத்துவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் தகடு பொடிந்துவிடும்.